விசாரிக்க வருகிற ஆளிடம் மச்சான் சொல்ல வேண்டியது

கள்ளிக்காட்டுப்புதூர்,
புதுச்சத்திரம் வழி, நாமக்கல்.
திங்கட்கிழமை மத்தியானம்.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் குமரகுரு அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை புருசன் அர்த்தநாரி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை கலைமணி, உங்கள் மருமகள் தேவிப்ரியா, பண்ணையில் உள்ள கோழிகள் ஆகிய எல்லோரும் உடம்பளவில் சுகம். மனசளவில் கோழிகள் மட்டும் சுகம். மேட்டூரில் நீங்களும் அக்காவும் நோய்நொடி இல்லாமல் இருக்கவும், அணையில் தண்ணீர் குறையாமல் இருக்கவும் திருச்செங்கோட்டு மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன்.

போன் இருக்கிற காலத்தில் இந்த மனுசன் எதற்காகப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகிறான் என்று நீங்கள் கேட்கலாம். போன்தான் மச்சான் காரணம். பிரியா சேரப் போகிற பெங்களூர்க் கம்பெனி, பேங்குகளின் கம்ப்யூட்டருக்குள் எவனாவது திருட்டுத்தனமாக நுழைகிறானா என்று ராத்திரி பகலாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற கம்பெனி. பேங்குக்குள் நடப்பதையே பார்க்கிறவனுக்கு, வேலைக்கு எடுக்கிற பெண்ணின் அப்பன் மச்சானிடம் என்ன பேசுகிறான் என்று ஒட்டுக்கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? "அப்படியெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கப்பா" என்று பிரியா சொல்கிறாள். கேட்க மாட்டார்கள் என்று அவள் அத்தனை உறுதியாகச் சொல்வதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அதனால் நாளைக் காலை மேட்டூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு வருகிற நம் முட்டை வண்டி டிரைவர் சமியுல்லா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உறையின் வாயில் கஞ்சிப்பசை தடவி, ஒட்டின இடத்துக்கு மேலே குறுக்காகக் கையெழுத்துப் போடுவேன். அது கோணியிருந்தால் வழியில் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என் கையெழுத்தே கொஞ்சம் கோணல்தான், அதையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

விசயத்துக்கு வருகிறேன். பிரியாவுக்குக் கிடைத்த வேலை இப்போது அந்தரத்தில் நிற்கிறது. அப்படி நிறுத்தி வைத்தவன் நான். ஆனால் இதை ஆரம்பித்து வைத்தவர் நீங்கள், அதை மறுக்கக் கூடாது. அவள் பி.எஸ்சி. முடித்த வருசம் உங்கள் குவார்ட்டர்ஸில் அக்கா மீன் குழம்பு ஊற்ற ஊற்ற நீங்கள் செய்த பிரசங்கம் எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. "மாப்ள, பாப்பாவ மேல எம்.எஸ்சி. சைபர் செக்யூரிட்டியில போடுங்க. இனிமே திருடன் செவுரு ஏறிக் குதிக்க மாட்டானுங்க, கம்பி வழியாத்தான் வருவான். பேங்கு, ஆஸ்பத்திரி, போலீசு, கரண்ட் உற்பத்தி பண்ற எடம், எல்லாத்துக்கும் ஆள் வேணும்" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? ஒரு வேலையில் கண்ணாடித் திரை முன்னால் உட்கார்ந்து காவல் பார்க்க வேண்டும், ஒரு வேலையில் திருட்டு நடந்த பிறகு கம்ப்யூட்டரைக் குடைந்து தடயம் எடுத்துப் போலீசுக்குக் கொடுக்க வேண்டும், இன்னொரு வேலையில் கம்பெனிக்காரன் கூப்பிட்டு அனுமதி கொடுத்த பிறகு அவனுடைய கம்ப்யூட்டருக்குள்ளேயே உடைத்துக்கொண்டு நுழைந்து, "இந்த வழியா வந்தேன், இத அடைச்சுக்குங்க" என்று சொல்ல வேண்டும் என்று அடுக்கினீர்கள். "அனுமதி வாங்கிட்டுக் கன்னம் வெக்கறதுக்குச் சம்பளமுங்களா?" என்று கேட்டேன். "சம்பளமும் உண்டு, சர்ட்டிபிகேட்டும் உண்டு" என்றீர்கள். அன்றைக்குத் தொண்டையில் ஒரு முள் மாட்டியது. அது மீன் முள் என்றுதான் அக்கா நினைத்தது.

சேலத்துக் காலேஜில் சேர்த்துவிட்டேன். தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். ஆனால் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சமாதானமும் இல்லை. ஒரு நாள் கேட்டதற்கு, வகுப்பை இரண்டாகப் பிரித்துவிடுவார்களாம், ஒரு பாதி உள்ளே நுழையப் பார்க்குமாம், இன்னொரு பாதி தடுக்குமாம், கடைசியில் இரண்டு பாதிக்கும் மார்க் போடுவார்களாம். களவாணிக்கும் மார்க், காவக்காரனுக்கும் மார்க் என்றால் அது என்ன பள்ளிக்கூடம்? நேரில் பார்த்துவிடலாம் என்று பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். அங்கே ஒரு வாத்தியாரம்மா ரொம்ப மரியாதையாக, "ஐயா, உங்க போனைத் திறக்கற நம்பர நான் சொல்லட்டுமுங்களா?" என்று கேட்டுவிட்டு, வெளியே நிற்கிற உங்கள் வண்டியின் நம்பர்தானே என்றார். அதுதான் நம்பர். பிரியாதான் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று அவளை முறைத்தேன். பார்த்தால் அங்கே வந்திருந்த லாரிக்காரர், ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டிக்காரர், தறிக்காரர், அத்தனை அப்பன்மாரும் தலையைக் குனிந்துகொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் வண்டி நம்பர்தான் பூட்டு. அதில் ஒருவர் வண்டியை விற்று ரொம்ப நாளாகிறதாம், நம்பரை மட்டும் விட மனசு வரவில்லையாம்.

அதற்குப் பிறகுதான் அந்த முட்டை விலை விவகாரம். அவளுக்கு ஏதோ பாடத்துக்கு ஒரு பரீட்சை செய்ய வேண்டும், ஏமாற்று மெசேஜை யார் யார் நம்புகிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டுமாம். எல்லோரிடமும் முன்கூட்டியே, "இந்த மாசத்துல ஒரு நாள் நான் ஏமாத்துவேன், சரிங்களா?" என்று கேட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். நானும் போட்டேன். கொஞ்ச நாள் கழித்து, "நாளைக்கு முட்டை விலை ஏறுகிறது, எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ள இங்கே அழுத்தவும்" என்று ஒரு மெசேஜ் வந்தது. மச்சான், கோழிப்பண்ணைக்காரனிடம் அப்படி ஒரு மெசேஜைக் காட்டினால், அவன் செத்துக் கிடந்தாலும் விரல் எழுந்து அழுத்தும். நான்தான் நம் சொந்தத்திலேயே முதலில் அழுத்தினேன் என்று ராத்திரிச் சாப்பாட்டில் வைத்துச் சிரிக்கிறாள். நீங்கள் மட்டும் என்ன, முட்டை வியாபாரமே இல்லாத நீங்களும் அழுத்தியிருக்கிறீர்கள். அக்கா சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து நான் ஏமாறுவதில்லை என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்ததுதான் தப்பாகப் போனது. கரண்ட் பில் கட்டவில்லை என்று மெசேஜ் வந்தது. இதெல்லாம் திருட்டுப்பயல் வேலை என்று அழித்தேன். மறுபடி வந்தது, மறுபடி அழித்தேன். லைன்மேன் நேரில் வந்து சொன்னார், அட்டையைக் காட்டுங்கள் என்றேன், காட்டினார், அட்டையும் போலியாக இருக்கலாமே என்றேன். அவர் கம்பத்தில் ஏறிப் பியூசைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். போன வருசச் சித்திரை வெயிலில் கோழிகளுக்குத் தண்ணீர் தெளிக்கிற மோட்டார் நின்று, நானும் கலைமணியும் குடத்தில் மொண்டு மொண்டு கொட்டகைக் கூரைமேல் ஊற்றினோம். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்கிற எங்கள் அக்கா சென்னியம்மாள், பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகையைப் போனில் அனுப்பியது. கல்யாணப் பத்திரிகை மாதிரி வருவதைத் தொட்டால் பேங்குக் கணக்கு காலி என்று பிரியா சொல்லியிருந்ததால் நான் தொடவே இல்லை. பிறந்த வீட்டுச் சீர் வைக்க வேண்டிய நான் போகவில்லை. அக்கா போன் பண்ணி அழுதபோது, அதன் குரலையே எவனோ கம்ப்யூட்டரில் செய்து பேசுகிறான் என்று நினைத்து, "எங்கக்கா பேருல பேசற நீ யார்றா?" என்று கேட்டுவிட்டேன். அந்த வீட்டு வாசலை இனி எப்படி மிதிப்பது என்று தெரியவில்லை.

இதையெல்லாம் சொல்லிப் பிரியாவைத் திட்டினால் அவள் கோபப்படுவதில்லை, அதுவும் எனக்குச் சந்தேகமாக இருக்கும். "அப்பா, நம்ம பண்ணைக்குள்ள யாரு வந்தாலும் மருந்துத் தண்ணித் தொட்டியில கால நனைக்கோணும்னு நிக்கறீங்கல்ல? வண்டி டயருக்குக்கூட மருந்து அடிக்கறீங்க. வேற பண்ணைக்காரன உள்ளயே உடறதில்ல. எதுக்கு?" என்றாள். "நோவு வந்துட்டா ஒரு கோழி மிஞ்சாதே சாமி" என்றேன். "நான் படிக்கறதும் அதேதாம்ப்பா. கோழிக்குப் பதிலா பேங்கு." "கோழின்னா முட்டை போடும். பேங்கு என்ன போடும்?" என்று மடக்கினேன். "வட்டி போடும்" என்று அடுப்படியிலிருந்து உங்கள் தங்கை சொன்னாள். இந்த வீட்டில் எனக்கென்று பேச ஒருத்தரும் இல்லை மச்சான்.

படிப்பு முடியும் தறுவாயில் கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் ஆறு மாதம் பயிற்சி என்றாள். ஹாஸ்டலில் தங்க வேண்டும் என்றாள். மெத்தை, வாளி, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் முட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் நானே இறக்கிவிட்டு வந்தேன். அந்தப் பயிற்சியை வைத்துத்தான் பெங்களூர்க் கம்பெனி இந்த வேலையைக் கொடுத்தது. விசாரணை முடிந்ததும் வந்து சேரலாம் என்று தாளும் வந்தது. அந்த விசாரணையில்தான் மச்சான் நான் விழுந்தேன்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் யாரும் நேராக வந்து பெண்ணைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். வேறு வேலையாக வந்த மாதிரி ஒரு ஆளை அனுப்பி, பேச்சோடு பேச்சாக நூல் விட்டுப் பார்ப்பார்கள். கலைமணியைப் பற்றி விசாரிக்க எங்கள் பெரியப்பா உங்கள் தோட்டங்காட்டுக்கு மாடு விலைக்குப் பிடிக்கிற ஆளாக வந்தார். கடைசிவரைக்கும் அந்த மாட்டைக் கொடுத்துவிடத் தயாராகக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் நீங்கள். இப்போது ராசிபுரத்தில் நெய் வியாபாரம் செய்கிற ஒரு குடும்பத்தில் பிரியாவுக்குப் பேச்சு எழுந்திருக்கிறது. நல்ல குடும்பம், பையனும் நல்ல பையன், கூடிய சீக்கிரம் ஆள் அனுப்பி விசாரிப்பார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். நானும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை தீவனம் போட்டு முடிக்கிற நேரத்துக்கு ஒரு பைக் வந்து நின்றது. கழுத்தில் அட்டை தொங்குகிற ஒரு பையன். பிரியா சேலத்துக்குச் சர்ட்டிபிகேட் வாங்கப் போயிருந்தாள், கலைமணி கோயிலுக்குப் போயிருந்தாள். வேறு பண்ணையிலிருந்து வேவு பார்க்க வந்தவனோ என்று முதலில் டயருக்கு மருந்து அடித்து, அவன் காலைத் தொட்டியில் நனைக்க வைத்து, பிறகுதான் பேசினேன். "பேரு நந்தகுமாருங்க. சேலத்துல இருந்து வாரேன். உங்க பொண்ணு தேவிப்ரியா வேலைக்குச் சேர்றாங்கல்லங்க, அதுக்குக் கம்பெனி சார்பா விசாரிக்க வந்திருக்கறனுங்க" என்றான். எனக்கு உள்ளுக்குள்ளே சிரிப்பு. மாடு பிடிக்க வந்தேன் என்றது அந்தக் காலம், கம்பெனியிலிருந்து வந்தேன் என்பது இந்தக் காலம். "சரிங்க, கம்பெனின்னே வெச்சுக்கலாம்" என்று கண்ணடித்துவிட்டு மோர் ஊற்றிக் கொடுத்தேன். அவன் எதற்குக் கண்ணடிக்கிறேன் என்று புரியாமல் விழித்தான். நடிப்பு பலே என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்விகளைக் கேளுங்கள் மச்சான், என் மேல் தப்பு இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள். "எத்தன வருசமா இந்த ஊட்டுல இருக்கறீங்க?" "ஊடு சொந்தமுங்களா?" "பொண்ணு குணம் எப்படிங்க?" "போலீஸ் கேஸ் ஏதாச்சும் உண்டுங்களா?" இதில் எது கம்பெனிக் கேள்வி, எது சம்பந்திக் கேள்வி? கேஸ் வரைக்கும் கேட்கிறார்களே, கண்டிப்பான குடும்பம் என்று எனக்கு மரியாதை கூடிவிட்டது. அடுத்து, "கோயமுத்தூர்ல ஆறு மாசம் தங்கி வேலை பழகினாங்களாமே?" என்றான். இங்கேதான் பொறி வைக்கிறான் என்று பிடித்துக்கொண்டேன். பெண் வெளியூரில் தனியாகத் தங்கினாள் என்றால் மாப்பிள்ளையின் அம்மா யோசிக்கும். "கோயமுத்தூரா? எம்பட பொண்ணு இந்தக் கேட்டத் தாண்டுனதில்லீங்க. ஆறு மாசமும் இங்கதான் இருந்தா" என்றேன். அவன் பேனாவை நிறுத்தி, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றான். "யோசிக்கறதுக்கு என்னங்க, தெனமும் அவ கையாலதான் சோறு" என்றேன். "எம்.எஸ்சி. முடிச்சிருக்காங்கல்ல?" "அது சும்மா பேருக்குங்க. சொன்னா நிறுத்திப்புடுவா. கம்ப்யூட்டர்ன்னாலே அவளுக்குத் தலவலி வந்துரும்." கடைசியாக, "ராத்திரி ஷிப்ட் எல்லாம் பார்ப்பாங்களா?" என்றான். எப்பேர்ப்பட்ட பொறி! "எட்டு மணிக்கு மேல கண்ணு முழிக்க மாட்டாளுங்க" என்றேன். அவன் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு, வீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு, நான் கொடுத்த ஒரு அட்டை முட்டையை "வாங்கக் கூடாதுங்க" என்று தள்ளிவிட்டுப் போனான். என்ன வளர்ப்பு என்று நாளெல்லாம் பூரித்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. சம்பந்தம் கூடிவரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

இன்று காலை பிரியா கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு வெளுத்துப்போய் வந்தாள். "அப்பா, வெள்ளிக்கெழம யாராச்சும் வந்தாங்களா?" "வந்தாங்க சாமி. நல்ல எடம். உன்னையப் பத்தி நல்லபடியா சொல்லி அனுப்பியிருக்கறேன்" என்றேன். என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள், பெருமையாகச் சொன்னேன். வந்தவன் நிஜமாகவே கம்பெனி ஆள் மச்சான். எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் இப்போது ஆள் வைத்து விசாரிக்கிறார்களாம், அதிலும் பேங்குக்குக் காவல் பார்க்கிற வேலை என்றால் தலைமுறை வரைக்கும் தோண்டுவார்களாம். பயிற்சிக்குப் போனதே பொய் என்று பெற்ற அப்பனே சொல்கிறான், அவள் கொடுத்த மற்ற தாள்களை எப்படி நம்புவது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். கோயமுத்தூர்க் கம்பெனித் தாளையும் மறுபடி சரிபார்த்து, அவள் பெயர் கொடுத்திருக்கிற இரண்டாவது ஆளையும் விசாரித்த பிறகுதான் முடிவு என்று போட்டிருக்கிறார்கள். அந்த இரண்டாவது ஆள் நீங்கள்.

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தவில்லை. "ரெண்டு வருசமா நான் படிச்சத ஒரு டம்ளர் மோருல கரைச்சு அந்த ஆளுக்குக் குடிக்கக் குடுத்துட்டீங்களேப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அறைக்குள் போனவள்தான், இன்னும் சாப்பிட வரவில்லை. கலைமணி இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். பசி தாங்காத பிள்ளை அது.

அதனால் மச்சான், காலைத் தொட்டுக் கேட்கிறேன், அந்த ஆள் வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கோயமுத்தூருக்கு மெத்தை தூக்கிக்கொண்டு போனது நான்தான் என்று சொல்லுங்கள். அர்த்தநாரிக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, சித்திரை மாதத்தில் அவன் பேச்சைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். கிறுக்கன் என்றுகூடச் சொல்லலாம், எனக்கு வருத்தமில்லை, நீங்கள் சொல்லாததும் இல்லை. ஆனால் வருகிற ஆள் யார் என்று தெரியாமல் வாயைத் திறந்துவிடாதீர்கள். ராசிபுரத்துக்காரர்கள் உங்கள் வீட்டுக்கும் ஆள் அனுப்பலாம். அடையாளம் சொல்கிறேன். கழுத்தில் அட்டை இருந்தால் கம்பெனி ஆள். வீட்டைப் போட்டோ எடுத்தால் கம்பெனி ஆள். கொடுத்ததைக் குடித்துவிட்டுச் சாவகாசமாகக் கால் நீட்டி உட்கார்ந்தால் மாப்பிள்ளை வீட்டு ஆள். கம்பெனி ஆளிடம், இந்தப் பெண்ணைப் போலப் படித்தவள் ஜில்லாவில் இல்லை என்று சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டு ஆளிடம், அதெல்லாம் கல்யாணம் வரைக்கும்தான், தாலி ஏறினால் வேலையை விட்டுவிடுவாள் என்று சொல்லி வையுங்கள். இரண்டாவதைப் பிரியாவிடம் சொல்ல வேண்டாம், கலைமணியிடமும் வேண்டாம். வேலையும் கிடைத்த மாதிரி இருக்கட்டும், பெங்களூருக்குப் போகாத மாதிரியும் இருக்கட்டும். அந்த ஊரில் ராத்திரியில் அவள் தனியாக வேலைக்குப் போய் வருவதை நினைத்தால் எனக்கு யார் மேலும் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும், சிறுசுகளுக்கு ஆசியும், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற உங்களுக்கு என் எச்சரிக்கையும். சமியுல்லாவுக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பவும். ஆனால் அவரிடமும் வாயைக் கொடுக்க வேண்டாம்.

என்றும் உங்கள் பேச்சைக் கேட்டுக் கெட்ட,
அர்த்தநாரி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பிரித்த மாதிரி ஆகிவிட்டது. இப்போது சாயங்காலம். பசையைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது கேட்டில் இன்னொரு பைக் வந்தது. வந்த மனுசனுக்கு என் வயசு இருக்கும். கழுத்தில் அட்டை. இறங்கினதும் முதல் காரியமாக வீட்டைப் போட்டோ எடுத்தார். "தேவிப்ரியாங்கறது உங்க பொண்ணுதானுங்களே? கொஞ்சம் விசாரிக்கோணும்" என்றார். சின்னப் பையன் எழுதினது சரியில்லை என்று கம்பெனி பெரிய ஆளையே அனுப்பியிருக்கிறது, கடவுள் இன்னொரு தரம் கண் திறந்திருக்கிறார் என்று தொட்டியில் கால் நனைக்கச் சொல்லக்கூட மறந்து, கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்து மோரைக் கொடுத்தேன். அவர் வாயைத் திறக்கிறதுக்கு முன்னால் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"எழுதிக்குங்க. எம்பட பொண்ணு கோயமுத்தூர்ல ஆறு மாசம் தன்னந்தனியா இருந்தா. நான்தான் கொண்டுபோய் உட்டேன். காச்சல் வந்து கெடந்தப்பக்கூட ஒரு நாள் லீவு போடாம வேலைக்குப் போனா, போன்ல எங்களுக்குச் சொல்லல, பொறவுதான் தெரிஞ்சுது. ராத்திரி ஷிப்டா? விடிய விடிய உக்காருவாளுங்க, நானே பார்த்திருக்கறேன், கண்ணச் சிமிட்ட மாட்டா. வகுப்புல இவதான் மொதல். அதுவும் அவ சொல்லல, வாத்தியாரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எவனுக்கும் பயப்பட மாட்டா. என்னைய எதுத்துப் பேசுவா, பேசினது பூரா சரியாவும் இருக்கும், அதுதானுங்க கோவம் வரும். சோறாக்கத் தெரியாது, ரசம் வெச்சா வாயில வெக்க முடியாது, அதனால என்னங்க, அவ ரசம் வெக்கவா ரெண்டு வருசம் படிச்சா? கல்யாணப் பேச்செல்லாம் இப்ப இல்லீங்க. எவன் வந்து வேலைய உடச்சொன்னாலும் அந்தக் கேட்டோட திருப்பி அனுப்பிப்போடுவேன்."

அவர் கையிலிருந்த மோரைக் கீழே வைத்தார். "நான் ராசிபுரத்துல இருந்து வாரேனுங்க. பேரு சென்னிமலை. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்" என்றார். அட்டை இன்சூரன்ஸ் ஆபீஸ் அட்டையாம், கழற்ற மறந்துவிட்டாராம். போட்டோ மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அனுப்பவாம். கலைமணி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போதுதான் பார்த்தேன், அறை வாசலில் பிரியா நின்றுகொண்டிருந்தாள். எத்தனை நேரமாக நின்றாளோ. "அப்பா, இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டாள். "தெரியாம என்ன சாமி" என்றேன். வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பொய்யையும் யோசித்து யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு வார்த்தைக்குக்கூட யோசிக்கவில்லை மச்சான்.

சென்னிமலை எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பையிலிருந்து போனை எடுத்து, "அம்மணி, எனக்குக் காலையில இருந்து ஒருத்தன் போலீசுன்னு சொல்லிக்கிட்டு மெசேஜ் போடறான். இதக் கொஞ்சம் பாரு" என்று நீட்டினார். அவரும் நானும் ஒரு பக்கம் உட்கார, பிரியா எதிரில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள், ஒரு கையில் சோற்றுத் தட்டு. சம்பந்தம் வருமோ போகுமோ, அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் மேலே எழுதியதில் தாலி ஏறினால் வேலையை விட்டுவிடுவாள் என்ற இடத்தை நீங்களே அடித்துவிடுங்கள். அடையாளம் சொன்னதையும் அடித்துவிடுங்கள். கம்பெனி ஆள் வரட்டும், மாப்பிள்ளை வீட்டு ஆள் வரட்டும், அணைக்கு வழி கேட்கிறவன் வரட்டும், நான் இன்றைக்குச் சொன்னதையே ஒரு வார்த்தை குறையாமல் சொல்லுங்கள். வந்தது யார் என்று கேட்கவே வேண்டாம் மச்சான்.